பிரேக் இல்லாத சைக்கிளுக்கு எது சொந்த ஊர்?

உங்க காலேஜ் சைக்கிள் ஸ்டாண்டுல இப்படி ஒரு ஆள் கட்டாயம் இருப்பான். ஒல்லியா ஒரு சைக்கிள். கியர் கிடையாது. மட்கார்டு கிடையாது. பெல் கிடையாது. ஹேண்டில்பார்ல ஒரு ஒயர்கூட ஓடாது. "பிரேக் எங்கடா?"ன்னு கேட்டா, காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டு ஒரு பதில் வரும்: "மச்சி... இது ட்ராக் பைக்!"

பிரேக்கைக் கழட்டிட்டா ட்ராக் பைக் ஆகிடுமா? அப்படின்னா, நம்ம தெருமுனை வாடகை சைக்கிள் கடையில சின்ன வயசுல மணிக்கு ஒரு ரூபா கொடுத்து எடுத்தோமே, பிரேக் பிடிக்காம செருப்பைத் தேய்ச்சு நிறுத்தினோமே, அதெல்லாம் ட்ராக் பைக்தானே பாஸ்?

சரி, இதுக்கு ஒரு முடிவு கட்டிடலாம். நம்ம ஆளையும் கூட்டிக்கிட்டு வாங்க. பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எதுவும் வேண்டாம். ட்ராக் பைக் நிஜமா வாழுற ஊருக்கு ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாம். ஊர் பேரு ஜப்பான். அங்கே இந்த சைக்கிளுக்குன்னே தனி மைதானம், தனி ஸ்கூல், தனி முத்திரை, தனிப் பாதுகாப்பு எல்லாம் இருக்கு. ஆட்டத்தோட பேரு 'கெய்ரின்'.

ஸ்டேஷன் வாசல்லயே மைதானம்

டோக்கியோவோட ஷின்ஜுகு ஸ்டேஷன்ல ஏறுங்க. கெய்யோ லைன்ல சோஃபு வரைக்கும் போய், அங்கே வேற ரயில் மாறி ஒரே ஒரு ஸ்டாப். கெய்யோ தமகவா. மொத்தமே சுமார் அரை மணி நேரம்தான். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தா எதிரே நிக்கிறது கெய்யோகாக்கு வெலோட்ரோம். 1949-ல இருந்து இங்கே சைக்கிள் ரேஸ் நடக்குது.

உள்ளே போனதும் நம்ம ஆளுக்கு முதல் ஷாக். டாட்டூ போட்ட யூத் கூட்டத்தை எதிர்பார்த்து வந்திருப்பான். ஆனா உட்கார்ந்திருக்கிறது பெரும்பாலும் ரிட்டயர்டு தாத்தாக்கள்! கையில மடிச்ச ரேஸ் பேப்பர், காதுல சொருகின பென்சில். நம்ம ஊர் டீக்கடையில தினத்தந்தியைப் பிரிச்சு வச்சு அரசியல் பேசுற அதே முகங்கள். கேன்டீன்ல மோட்சு-நிக்கோமின்னு ஒரு ஐட்டம் சுடச்சுட கிடைக்கும். குடலை மெதுவா வேகவச்ச குழம்பு. நம்ம போட்டிக் குழம்புக்கு ஒண்ணுவிட்ட தம்பி. காரம் மட்டும் மிஸ்ஸிங்.

இவங்க எல்லாரும் சும்மா வேடிக்கை பார்க்க வரலை. பந்தயம் கட்ட வந்திருக்காங்க. கெய்ரின் அங்கே அரசு அனுமதியோட நடக்கிற சூதாட்டம். இரண்டாம் உலகப்போர்ல ஜப்பான் நகரங்கள் தரைமட்டமாகிக் கிடந்தப்போ, திரும்பக் கட்டக் காசு வேணுமே! 1948-ல தனிச் சட்டமே போட்டாங்க. அதே வருஷம் நவம்பர் 20-ம் தேதி, தெற்கே கொக்குரா நகரத்துல முதல் கெய்ரின். டிக்கெட் வித்த காசுல நகராட்சிக்கும் பங்கு. அந்தக் காலத்துல ரோடு, ஸ்கூல்னு பல வேலைகளுக்கு இந்த சைக்கிள் பணம் போயிருக்கு. இன்னிக்கும் ஜப்பான் முழுக்க 43 வெலோட்ரோம்கள் இருக்கு. சைக்கிள் மிதிக்கிறதையே முழுநேரத் தொழிலா வச்சிருக்கிற வீரர்கள் 2,000 பேருக்கு மேல!

சூதாட்டம்தானே, அதுக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறீங்களா? இருக்கு. கொஞ்சம் பொறுங்க. மணி அடிக்கப் போகுது.

ஒன்பது கலர், ஒரு மணி

வீரர்கள் வர்றாங்க. மொத்தம் ஒன்பது பேர். ஆளுக்கு ஒரு கலர். 1 வெள்ளை, 2 கறுப்பு, 3 சிவப்பு, 4 நீலம், 5 மஞ்சள், 6 பச்சை, 7 ஆரஞ்சு, 8 பிங்க், 9 ஊதா. தாத்தாக்கள் பேரைச் சொல்ல மாட்டாங்க, நம்பரைச் சொல்லித்தான் கத்துவாங்க. ஜெர்சிக்குள்ளே தோள்லயும் முதுகுலயும் பாதுகாப்புக் கவசம். ஏன்னு இன்னும் ரெண்டு நிமிஷத்துல தெரியும்.

ஒரு இயந்திரம் பின் சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. துப்பாக்கி வெடிச்சதும் விடுது. ஆனா யாரும் பறக்கலை. முன்னாடி ஒரு பேஸர் போறார், அவர் பின்னாடி எல்லாரும் ரயில்பெட்டி மாதிரி வரிசை. ஒலிம்பிக் கெய்ரின்ல பேஸர் வர்றது மோட்டார் வச்ச வண்டியில. இங்கே பேஸரும் சைக்கிள்தான் மிதிக்கிறார்.

கெய்யோகாக்கு டிராக் ஒரு சுற்று 400 மீட்டர். ரேஸ் சுமார் 2,000 மீட்டர். அதாவது ஐந்து சுற்று. முதல் மூணு சுற்றும் நம்ம ஆளு கொட்டாவி விடுவான். விடட்டும். நீங்க வரிசையைப் பாருங்க. ரெண்டு ரெண்டு பேரா, மூணு மூணு பேரா ஒட்டிக்கிட்டுப் போறாங்க இல்லையா? அதுக்குப் பேரு 'லைன்'. ஒரே ஊர்ப்பக்கத்து ஆளுங்க சேர்ந்து ஒரு லைன். முன்னாடி போறவர் காத்தைக் கிழிச்சு வழி பண்ணித் தருவார். ரெண்டாவது ஆள், பின்னாடி இருந்து முந்த வர்றவங்களைத் தோளால தள்ளி மறிப்பார். மூணாவது ஆள் அவங்களுக்குக் காவல். "நம்ம ஊர்க்காரன்டா!"ங்கற பாசம் அங்கேயும் உண்டு. கடைசி நேர்ப்பாதை வரைக்கும்தான் அந்தப் பாசம். அதுக்கப்புறம் அவனவன் பொழப்பு அவனவனுக்கு.

டாங்... டாங்... டாங்! கடைசி ஒன்றரைச் சுற்றுக்கு மணி அடிக்கிறாங்க. பேஸர் ஒதுங்கிட்டார். ஒன்பது பேரும் எழுந்து மிதிக்கிறாங்க. மணிக்கு 60 கிலோமீட்டர், கடைசி நேர்ப்பாதையில 70-ஐத் தொடுற வேகம். தோளோட தோள் இடிக்குது. ஒரு சக்கரத்துக்கும் அடுத்த சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. இதுல யாரோட சைக்கிள்லயும் பிரேக் கிடையாது!

தாத்தாக்கள் எழுந்து கத்துறாங்க. நம்ம ஆளோட கொட்டாவி போன இடம் தெரியலை.

பிரேக் இல்லைன்னா நிக்கிறது எப்படி?

இப்பதான் முக்கியமான சீன். ரேஸ் முடிஞ்சிடுச்சுன்னு பார்வையைத் திருப்பிடாதீங்க. கோட்டைத் தாண்டினவங்க எப்படி வேகத்தைக் குறைக்கிறாங்கன்னு பாருங்க.

ட்ராக் பைக்கோட பின் சக்கரத்துல ஃப்ரீவீல் கிடையாது. பல் சக்கரம் ஹப்போட சேர்த்து இறுக்கமா முடுக்கப்பட்டிருக்கும். அது கழண்டு வராம இருக்க, எதிர்ப்பக்கமாச் சுத்துற மரை வச்ச ஒரு வளையம் வேற. அதனால சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்தும். இறக்கத்துல காலை நிறுத்திக்கிட்டு 'கிர்ர்ர்'னு போற சுகமே இதுல இல்லை. மெதுவாக்கணும்னா, சுத்துற பெடலுக்கு எதிரா காலால அழுத்தணும். இது நம்ம ஆளுக்கும் தெரியும்.

அவனுக்குத் தெரியாதது இது. வளைவுல டிராக் சாய்ஞ்சு இருக்கு. 30 டிகிரிக்கு மேல. ரேஸ் முடிச்ச வீரர்கள் அந்தச் சரிவுல மேல் நோக்கி ஏறுறாங்க. மேட்டுல ஏறினா வேகம் தானா குறையுது. சுத்தி வர்றாங்க, மறுபடி ஏறுறாங்க, மறுபடி குறையுது.

அதாவது பாஸ், பிரேக் இருக்கு. சைக்கிள்ல இல்லை, டிராக்ல இருக்கு!

இந்த ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டா மத்ததெல்லாம் வரிசையா புரியும். சைக்கிள்ல பெல் இல்லை. மணி அடிக்க டிராக் ஓரத்துல ஆள் இருக்கு. லைட் இல்லை, மைதானத்துல விளக்குக் கம்பங்கள் இருக்கு. ஸ்டாண்டு இல்லை, ஸ்டார்ட்டிங் இயந்திரம் பிடிச்சுக்குது. ரியர்வியூ பத்திக் கவலை இல்லை. எல்லாரும் ஒரே திசையிலதான் போறாங்க. குறுக்கே ஆட்டோ வராது, ஆட்டுக்குட்டி வராது, செல்போன் பேசிக்கிட்டே பாட்டியம்மா ரோடு கிராஸ் பண்ண மாட்டாங்க. ட்ராக் பைக்ல எதெல்லாம் காணோமோ, அதையெல்லாம் அந்த இடம் வாங்கி வச்சிருக்கு.

அப்போ பிரேக் இருந்தா என்ன கெட்டுப் போச்சுங்கறீங்களா? யோசிச்சுப் பாருங்க. ஒரு சாண் இடைவெளியில ஒன்பது பேர். முன்னாடி போறவர் பயந்து சடக்குன்னு பிரேக் பிடிச்சா? பின்னாடி வர்றவங்க எட்டு பேரும் மேலே மேலே விழுவாங்க. யாராலயும் சடார்னு நிறுத்த முடியாதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கிறதாலதான் அவ்வளவு நெருங்கி ஓட்ட முடியுது. அங்கே பிரேக் இல்லாம இருக்கிறது வீரம் காட்ட இல்லை. ஒருத்தருக்கொருத்தர் கொடுத்துக்கிட்ட வாக்கு.

அப்படியும் விழுறாங்க. அதனாலதான் ஜெர்சிக்குள்ளே கவசம்.

சைக்கிளுக்கும் செக்கிங், ஆளுக்கும் செக்கிங்

இப்போ சூதாட்ட மேட்டருக்கு வருவோம். காசு கட்டுற இடத்துல சந்தேகம் வரக்கூடாது. "அவன் சைக்கிள் லேசு, அதான் ஜெயிச்சான்"னு யாரும் சொல்லிடக்கூடாது. அதனால ரேஸுக்கு முந்தின நாளே வீரர்கள் வந்துடணும். செல்போனை ஒப்படைச்சுடணும். போட்டி நாட்கள் முடியற வரைக்கும் வெளியுலகத் தொடர்பு கட். அங்கேயே தூக்கம், அங்கேயே சாப்பாடு. நம்ம ஹாஸ்டல் வார்டனே பரவாயில்லைன்னு தோணும்!

சைக்கிளை வீரரே கழட்டிப் பையில போட்டு ரயில்ல கொண்டு வருவார், அவரேதான் பூட்டுவார். அதுக்கப்புறம் பரிசோதனை. ஃப்ரேம், ரிம், ஹப், கிராங்க், பெடல், ஹேண்டில்பார்னு முக்கியமான எல்லா உறுப்புலயும் ஒரு சின்ன முத்திரை தேடுவாங்க: 'என்.ஜே.எஸ்.'

நிஹோன் ஜிடென்ஷா ஷிங்கோகாய்ங்கற அமைப்போட சுருக்கம் அது. கெய்ரினை நடத்துறதுக்காக 1957-ல ஆரம்பிச்ச அமைப்பு. இப்போ அந்த வேலையை ஜே.கே.ஏ.ங்கற அமைப்பு பார்க்குது. ஆனா முத்திரை மட்டும் பழைய பேர்லயே நிலைச்சுடுச்சு. முத்திரை இல்லாத பாகம் ஆண்கள் கெய்ரின்ல உள்ளே வராது. ஸ்டீல் குழாய், 36 கம்பி போட்ட சக்கரம், ரிம்மோட பசை போட்டு ஒட்டின ட்யூபுலர் டயர். உலகமே கார்பனுக்குப் போயும் இவங்க மட்டும் ஸ்டீலை விடலை. எல்லாருக்கும் ஒரே மாதிரி இரும்பு, மிச்சம் உன் காலைப் பொறுத்ததுங்கறதுதான் கணக்கு.

ஆனா ஃப்ரேம் ரெடிமேடு கிடையாது. தையற்காரர் சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரி ஒவ்வொரு வீரருக்கும் அளவெடுத்துக் கையால பத்த வைப்பாங்க. இதுல பெரிய பேரு யோஷியாக்கி நகசாவா. இளவயசுல இத்தாலிக்குப் போய்த் தொழில் கத்துக்கிட்டு வந்தவர். கொய்ச்சி நக்கானோங்கற கெய்ரின் வீரர் 1977-ல இருந்து 1986 வரைக்கும் வரிசையா 10 வருஷம் ஸ்பிரின்ட் உலகச் சாம்பியன். அவர் மிதிச்சது நகசாவா செஞ்ச ஃப்ரேம்.

கீழே குனிஞ்சு பாருங்க

அந்த சைக்கிளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். மெக்கானிக்கல் பசங்க முன்னாடி வாங்க.

ஒண்ணு: பின் சக்கரம் உட்கார்ற பிளவு பின்பக்கம் திறந்திருக்கும். கியர் சைக்கிள்ல செயின் தொய்வை ஒரு ஸ்பிரிங் கை இழுத்துப் பிடிச்சுக்கும். இதுல அது கிடையாது. அதனால சக்கரத்தையே பின்னாடி இழுத்துச் செயினை விறைப்பாக்கி நட்டைப் போட்டு முடுக்கணும். நம்ம ஊர் கறுப்பு சைக்கிளுக்கு மெக்கானிக் அண்ணன் செய்யுற அதே வேலை. கையால திறக்கிற லீவர் எல்லாம் வேலைக்காகாது. முழு பலத்தோட மிதிச்சா சக்கரம் நகர்ந்துடும்.

ரெண்டு: பெடல் சுத்துற அச்சு, ரோடு ரேஸ் சைக்கிளைவிட உயரத்துல இருக்கும். கிராங்கும் கொஞ்சம் குட்டை. பெரும்பாலும் 165 மில்லிமீட்டர். காரணம், வளைவுல ரோடு ரேஸர் உள்பக்கப் பெடலை மேலே தூக்கி நிறுத்திக்கலாம். இதுல பெடலை நிறுத்தவே முடியாதே! சாய்ஞ்ச டிராக்ல பெடல் இடிச்சா ஆள் காலி.

மூணு: ஃபோர்க் செங்குத்தா நிக்கும். ரெண்டு சக்கரமும் நெருங்கி இருக்கும். முன் சக்கரம் ஷூ நுனியை உரசும் அளவுக்கு. வேகத்துல சின்ன அசைவுக்கும் சைக்கிள் திரும்பும். டிராக்ல அது வரம். ட்ராஃபிக்ல மெதுவா வளைச்சா, கால் சக்கரத்துல மாட்டும்.

நாலு: ஃபோர்க்ல பிரேக் மாட்ட ஓட்டையே போட்டிருக்க மாட்டாங்க. நம்ம ஆள் 'கழட்டின' மாதிரி இல்லை. அது பிறக்கும்போதே அப்படி.

ஐந்து: கியர் கணக்கு. முன்னாடி 51 பல், பின்னாடி 13 பல்லுன்னா விகிதம் 3.92. பெடலை ஒரு தடவை சுத்தினா சக்கரம் கிட்டத்தட்ட நாலு தடவை சுத்தும். சக்கரத்தோட சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். அப்போ ஒரு மிதிக்கு 8.2 மீட்டர்! சாதாரண சைக்கிள்ல முன்னாடி 44, பின்னாடி 18ன்னு வச்சுக்குவோம். ஒரு சுத்துக்கு 5.1 மீட்டர்தான் வரும். 60 கி.மீ. வேகத்துல கெய்ரின் வீரரோட கால் நிமிஷத்துக்கு 120 தடவைக்கு மேல சுத்துது. கியரை இன்னும் ஏத்திக்கிட்டே போனா ஆபத்துன்னு, 2014 கடைசியில இருந்து ஆண்களுக்கு விகிதம் 4-ஐத் தொடக்கூடாதுன்னு ரூல் போட்டுட்டாங்க.

முத்திரை இருந்தா ஒரிஜினலா?

"அப்போ ஸ்டீல் ஃப்ரேம், என்.ஜே.எஸ். முத்திரை. அதான் ஒரிஜினல் ட்ராக் பைக்!"னு நம்ம ஆள் குஷியாகிடுவான். ஒரு நிமிஷம். அடுத்த ரயிலைப் பிடிப்போம்.

டோக்கியோவுல இருந்து ஷிங்கான்சென் புல்லட் ரயில்ல மிஷிமா. சுமார் ஒரு மணி நேரம். வானம் தெளிவா இருந்தா ஃபூஜி மலை தரிசனம் ஃப்ரீ. அங்கேயிருந்து சின்ன ரயில்ல 35 நிமிஷம் போனா ஷுசென்ஜி. வெந்நீர் ஊற்றுக்குப் பேர் போன மலையூர். பஸ் பிடிச்சு மேலே ஏறினா சைக்கிளுக்குன்னே ஒரு மலைக்கிராமம் மாதிரி ஒரு இடம். கெய்ரின் வீரர்களுக்குப் பயிற்சி தர்ற ஸ்கூல் இங்கேதான் இருக்கு. சுமார் ஒரு வருஷம் தங்கிப் படிச்சு, பரீட்சையில பாஸானாதான் தொழில்ல இறங்கலாம்.

பக்கத்துலயே இஸு வெலோட்ரோம். 2011-ல திறந்த உள்ளரங்கம். 2021-ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸோட டிராக் போட்டிகள் இங்கேதான். மரப்பலகை டிராக், ஒரு சுற்று 250 மீட்டர், வளைவுல 45 டிகிரி சாய்வு. மேலே நின்னு கீழே பார்த்தா வயித்துல புளியைக் கரைக்கும். சுவர்ல ஓட்டுற மாதிரி இருக்கும். மெதுவாப் போனா டயர் வழுக்கிக் கீழே வந்து சேருவீங்க. பிரேக் பிடிக்கிறவனை இந்த டிராக்கே கீழே தள்ளிடும்!

இங்கே ஓடுற சைக்கிள்ல ஸ்டீலைக் காணோம். எல்லாம் கார்பன். பின்னாடி கம்பியே இல்லாத தட்டுச் சக்கரம். சர்வதேச விதிப்படி எடை 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது, அவ்வளவுதான். என்.ஜே.எஸ். முத்திரைக்கு இங்கே வேலை இல்லை.

பெண்கள் கெய்ரினும் அப்படித்தான். 1949-ல ஆரம்பிச்சு 1964-ல நின்னுபோன பெண்கள் ரேஸ், 2012-ல 'கேர்ள்ஸ் கெய்ரின்'னு மறுபடி உயிர் பெற்றது. அவங்க மிதிக்கிறதும் கார்பன் ஃப்ரேம்தான். அவங்களைப் பார்த்து "இது ட்ராக் பைக் இல்லை"ன்னு சொல்லிட முடியுமா?

ஆக, ஸ்டீலும் இல்லை, முத்திரையும் இல்லை. கலர், பிராண்டு, விலை எதுவும் இல்லை. ஃப்ரீவீல் இல்லாத ஒரே பல், பிரேக் இல்லை, உயர்ந்த அச்சு, பின்பக்கம் திறந்த பிளவு... இதெல்லாம் எதுக்காக வந்துச்சோ, அந்த டிராக்தான் அதை ட்ராக் பைக் ஆக்குது.

அது ரோட்டுக்கு வந்தப்போ...

ட்ராக் பைக் ரோட்டுக்கு வராம இல்லை. நியூயார்க்ல தபால், பார்சல் கொண்டுபோற சைக்கிள் கூரியர் பசங்க முதல்ல எடுத்தாங்க. அவங்களுக்குக் காரணம் இருந்துச்சு. கழண்டு விழுற பாகங்கள் குறைவு, ரிப்பேர் செலவு குறைவு. தினமும் பத்து மணி நேரம் மிதிச்சு மிதிச்சு அந்த சைக்கிள் அவங்க உடம்போட ஒட்டிப்போச்சு. அப்புறம் 2000-களோட பின்பாதியில அது உலகம் முழுக்க ஃபேஷன் ஆச்சு. ஜப்பான் வீரர்கள் ஓட்டி முடிச்ச பழைய ஃப்ரேமுக்கு வெளிநாட்டுல கிராக்கி வந்துச்சு. டோக்கியோ பசங்களும் பிரேக் இல்லாம 'பிஸ்ட்'டுல சுத்த ஆரம்பிச்சாங்க.

அந்த சைக்கிளோட சொந்த நாடே என்ன சொல்லுச்சு தெரியுமா? "ரோட்டுல வேண்டாம்!" ஜப்பான் சட்டப்படி ரோட்டுல ஓடுற சைக்கிளுக்கு முன்னாடியும் பின்னாடியும் பிரேக் இருந்தே ஆகணும். 10 கி.மீ. வேகத்துல பிரேக் பிடிச்சா 3 மீட்டருக்குள்ளே நிக்கணும். மீறினா 50,000 யென் வரைக்கும் அபராதம். 2010-ஐ ஒட்டின வருஷங்கள்ல போலீஸ் பிடிச்சுப் பிடிச்சுக் கேஸ் போட்டாங்க.

காரணம் எளிமையான ஃபிசிக்ஸ். நிறுத்தும்போது எடை முழுக்க முன்பக்கம் சாயும். அதனால நிறுத்துற வேலையைப் பெருசாச் செய்யுறது முன் பிரேக்தான். காலால மட்டும் பின் சக்கரத்தை அடக்கினா, அது தரையில தேய்ஞ்சுக்கிட்டே போகும். நிக்கிறதுக்குத் தோராயமா ரெண்டு மடங்கு தூரம் ஆகும். 25 கி.மீ. வேகத்துல போனா ஒரு நொடிக்கு 7 மீட்டர். பஸ் ஸ்டாப் பின்னாடி இருந்து ஒரு குழந்தை ஓடி வந்தா, அந்த 'ரெண்டு மடங்கு'ங்கறது வெறும் கணக்கு இல்லை பாஸ்.

டிராக்ல பிரேக் இல்லாதவர், மத்த எட்டு பேரோட சம்மதத்தோட ஓட்டுறார். ரோட்டுல அந்தக் குழந்தை உங்ககிட்ட எந்தச் சம்மதமும் கொடுக்கலை.

நிஜமாவே கிளம்புறீங்களா?

ஜப்பான் போற சான்ஸ் கிடைச்சா, போற தேதியில எந்த வெலோட்ரோம்ல ரேஸ்னு முன்னாடியே பார்த்துக்கங்க. தினமும் எங்கேயாவது ஒரு ஊர்ல நடக்கும், ஆனா எல்லா ஊர்லயும் நடக்காது. 'மிட்நைட் கெய்ரின்'னு போட்டிருந்தா ஏமாந்துடாதீங்க. 2011-ல கொக்குராவுல தொடங்கின இந்த ராத்திரி ரேஸுக்குப் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை, ஆன்லைன்ல மட்டும்தான். முதல் கெய்ரின் நடந்த கொக்குராவுல இப்போ கூரை போட்ட பெரிய டோம் இருக்கு, 1998-ல திறந்தது. வருஷத்தோட கடைசியில, டிசம்பர் 30-ம் தேதி கெய்ரின் கிராண்ட் பிரி. டாப் ஒன்பது பேர் மட்டும் மோதுற ஒரே ரேஸ். முதல் பரிசு 10 கோடி யென்னுக்கு மேல! பந்தயம் கட்ட 20 வயசு ஆகியிருக்கணும். ஆகியிருந்தாலும், காசை போட்டிக் குழம்புத் தம்பிக்குச் செலவு பண்ணுங்க. அது நிச்சயமா வயித்துக்குப் போகும்.

ஜப்பான் தூரம்னா டெல்லி இருக்கே! 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டின மர டிராக் இந்திரா காந்தி ஸ்டேடிய வளாகத்துல இருக்கு. 250 மீட்டர், உள்ளரங்கம். அந்தமான்-நிக்கோபார் தீவுல இருந்து வந்த ஏசோ ஆல்பன், 2018-ல சுவிட்சர்லாந்துல நடந்த ஜூனியர் உலகச் சாம்பியன்ஷிப்ல வெள்ளி ஜெயிச்சார். எந்தப் பிரிவுலன்னு நினைக்கிறீங்க? கெய்ரின்! உலக டிராக் சாம்பியன்ஷிப்ல இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். அடுத்த வருஷமே ஜெர்மனியில நம்ம ஜூனியர் பசங்க டீம் ஸ்பிரின்ட்ல தங்கமே தட்டினாங்க.

மறுபடி சைக்கிள் ஸ்டாண்டுக்கு...

ட்ரிப் முடிஞ்சுது. திங்கட்கிழமை காலையில நம்ம ஆளோட சைக்கிள் அதே இடத்துல நிக்குது. அவனைக் கிண்டல் பண்ணாதீங்க. ஒத்தை கியர் சைக்கிள் நிஜமாவே அழகு. காலும் சக்கரமும் ஒண்ணாச் சுத்துற அந்த உணர்வு வேற எதுலயும் வராது. அது அவனுக்குப் பிடிச்சிருக்குன்னா தப்பே இல்லை.

ஒரே ஒரு வேலை செய்யச் சொல்லுங்க. சாயங்காலம் மெக்கானிக் அண்ணன்கிட்ட போய் முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு பிரேக் மாட்டிக்கச் சொல்லுங்க. மாட்டினா 'ட்ராக் பைக்'ங்கற கெத்து போயிடும்னு அவன் முறைச்சா, சண்டை போடாதீங்க. சைக்கிளைச் சுத்தி ஒரு தடவை நடந்து நல்லாப் பார்த்துட்டு, அமைதியா ஒரு கேள்வி மட்டும் கேளுங்க:

"பைக் ஓகே மச்சி... ட்ராக் எங்கே?"